மயக்க மருந்தும் உடல் வெப்பமும்: வெப்பப் பாடத்துக்கு ஒரு வடசென்னை உதாரணம்

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"மயக்க மருந்தைப் பற்றி மருத்துவக் கல்லூரியில் பேசலாம், நம்மிடம் எதற்கு?" என்று தலைப்பைப் பார்த்த ஒரு சார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையின் பெயர் எத்தனை முறை வருகிறது! அவர்களில் பலர் அறுவை சிகிச்சையில் பிறந்தவர்கள். அவர்களின் அம்மாக்கள் முதுகில் ஊசி போட்டுக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டரில் விழித்தபடியே பிள்ளை பெற்றவர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். "ஆபரேஷன் அப்போ உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு மிஸ். பல்லு கிட்டிக்கிச்சு. ஜன்னி வந்துடுச்சுன்னு எங்க அம்மா ஒரே அழுகை." தியேட்டரில் ஏ.சி. அதிகம் என்பார் ஒருவர். ரத்தம் போனதால் என்பார் இன்னொருவர். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, அடுத்த பிரசவத்துக்கு அந்த ஊசியே வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. இவர்களின் பிள்ளைகள்தான் ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பாடத்தையும் பத்தாம் வகுப்பில் ஹைப்போதலாமஸையும் நம்மிடம் படிக்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் அந்த ஆபரேஷன் மேசை.

முதலில் மயக்கமில்லாத உடம்பு. நம் உள்ளுடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். தலையும் நெஞ்சும் வயிறும்தான் உள்ளுடல். கைகளும் கால்களும் தோலும் புறவுடல், அவை வழக்கமாக 2 முதல் 4 டிகிரி குளிர்ந்தே இருக்கும். உள்ளுடலின் சூட்டை ஹைப்போதலாமஸ் எவ்வளவு கறாராகக் காக்கிறது தெரியுமா? அது வியர்வையைத் தொடங்கும் வெப்பநிலைக்கும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் நடுவே 0.2 முதல் 0.4 டிகிரி இடைவெளிதான். வெப்பநிலை இறங்கினால் முதலில் கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அப்போதும் இறங்கிக்கொண்டே போனால்தான் நடுக்கம். நடுக்கம் என்பது தசைகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கி வெப்பம் தயாரிக்கும் வேலை.

ரத்தக் குழாய் சுருங்குவதை நம் பிள்ளைகளுக்கு விளக்கச் சுலபமான வழி எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்தின் சீரோ கேட்டை மூடினால் உள்ளே இருக்கிற கன்டெய்னர் உள்ளேயே இருக்கும். கேட்டைத் திறந்துவிட்டால்? எல்லா லாரியும் சாலைக்கு வந்துவிடும், துறைமுகத்துக்குள் இடம் காலியாகும். ஆனால் வடசென்னையில் உள்ள மொத்தக் கன்டெய்னர்களின் எண்ணிக்கை மாறவில்லை. உள்ளே இருந்தவை வெளியே பரவியிருக்கின்றன, அவ்வளவுதான். இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மயக்க மருந்தின் பாதிக் கதை புரிந்துவிடும்.

முழு மயக்கம் கொடுக்கும்போது நடப்பது இதுதான். மருந்து ஹைப்போதலாமஸின் கறாரைத் தளர்த்திவிடுகிறது. 0.2 டிகிரியாக இருந்த இடைவெளி சுமார் 4 டிகிரி வரை விரிகிறது. குழாயைச் சுருக்கு என்ற கட்டளை 36.5 டிகிரியில் வந்திருக்க வேண்டும், அது 34.5 வரையிலும்கூட வராமல் இருக்கலாம். மருந்தின் அளவு கூடக் கூட இந்தத் தளர்ச்சியும் கூடும். போதாததற்குப் பல மயக்க மருந்துகள் ரத்தக் குழாய்களை நேரடியாகவும் விரிவடையச் செய்கின்றன. கேட் திறந்துவிட்டது. உள்ளுடலின் சூடு கை கால்களுக்குப் பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் உள்ளுடல் வெப்பநிலை 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கிவிடுகிறது.

நம்மில் பலரும் இதைத் தியேட்டர் குளிரால் வெப்பம் வெளியேறியது என்றே நினைப்போம். 1995இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. முதல் மணி நேர இறக்கத்தில் 81 சதவீதம் வெளியேறிய வெப்பத்தால் அல்ல, உடம்புக்குள்ளேயே இடம் மாறிய வெப்பத்தால். டேனியல் செஸ்லர் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடன் உழைத்தவர்களும் பல ஆண்டுகள் இப்படிப் பொறுமையாக அளந்துதான் இந்தத் துறையின் அடிப்படைகளை நிறுவினார்கள்.

கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரில் 30 கிலோ உள்ளுடல் 37 டிகிரியிலும், 30 கிலோ புறவுடல் 34 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முழுதாகக் கலந்தால் 35.5. ஒரு ஜூல் வெப்பம்கூட வெளியே போகாமலே உள்ளுடல் 1.5 டிகிரி இழந்துவிட்டது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்போம்! இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை வகுப்பில் செய்து காட்ட டபராவும் டம்ளரும் போதும். இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர்களில் 60 டிகிரி வெந்நீர், டபராக்களில் 40 டிகிரி வெதுவெதுப்பான நீர். ஒரு டம்ளருக்கு மட்டும், பார்சல் சுற்றி வரும் நுரைத் தாளைச் சுற்றி, மேலே நீர் புகாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு டபராவில் நிறுத்துங்கள். அது கேட் மூடிய உடம்பு. இன்னொன்றை உறையில்லாமல் நிறுத்துங்கள், அது மயக்கத்தில் இருக்கும் உடம்பு. நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு இடங்களிலும் வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். உறையில்லாத டம்ளர் வேகமாக இறங்கும், அதன் டபரா ஏறும். வரைபடத்தாளில் வரைந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கி வருவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். ஆய்வக வெப்பநிலைமானிதான் வேண்டும். மருத்துவ வெப்பநிலைமானி 42 டிகிரியோடு நின்றுவிடும், வெந்நீரில் வைத்தால் உடையும். அதன் கீழ் எல்லை 35 என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். மேசையில் படுத்திருப்பவர் 34.7க்கு இறங்கினால் நம் வீட்டுக் கண்ணாடி வெப்பநிலைமானியால் அதைப் படிக்கவே முடியாது.

முதல் மணி நேரம் முடிந்த பிறகு அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் வெப்பநிலை மெதுவாக, நேர்கோட்டில் இறங்கும். இங்கேதான் தியேட்டரின் குளிர் உள்ளே வருகிறது. திறந்த வயிறும் துணியில்லாத தோலும் கதிர்வீச்சாலும் வெப்பச்சலனத்தாலும் வெப்பத்தை இழக்கின்றன, மயக்கத்தில் உடம்பு தயாரிக்கும் வெப்பமும் குறைந்திருக்கிறது. வரவைவிடச் செலவு அதிகம். பிறகு, உள்ளுடல் போதிய அளவு குளிர்ந்ததும், தாமதமாக விழித்துக்கொண்ட ஹைப்போதலாமஸ் கேட்டை மூடுகிறது. இறக்கம் நிற்கிறது.

மருந்து மாறினால் இந்தக் கதையும் கொஞ்சம் மாறும். கெட்டமின் கொடுத்து மயக்கம் தொடங்கினால் ரத்தக் குழாய்கள் அவ்வளவாக விரிவதில்லை, அதனால் முதல் மணி நேர இறக்கமும் குறைவு. நரம்பில் புரோபஃபால் போட்டுத் தொடங்கினால், செவோஃப்ளூரேன் வாயுவை முகர வைத்துத் தொடங்குவதைவிட இறக்கம் அதிகம். சில நிமிட வேலைதான் அந்தத் தொடக்க ஊசி. ஆனால் அந்தச் சில நிமிடம் திறந்த கேட் வழியாகப் போன வெப்பம் பல மணி நேரம் கழித்தும் கணக்கில் தெரிகிறது.

இனி நம் அம்மாக்களின் முதுகு ஊசி. பிரசவ அறுவையில் அந்த மருந்து கால்விரலிலிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. வலி நரம்பு மட்டுமல்ல, ரத்தக் குழாயைச் சுருக்கும் நரம்பும், தசையை அசைக்கும் நரம்பும் சேர்ந்தே மரத்துப்போகின்றன. மூளை விழிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழ்ப்பாதிக்குப் போகும் கம்பி அறுந்த மாதிரி. கேட் திறந்து, உள்ளுடல் வெப்பம் கால்களுக்குப் பாய்கிறது. முழு மயக்கத்தில் நடந்த அதே இட மாற்றம்தான், வேறு வழியில்.

இதில் ஒரு விந்தை உண்டு. சூடான ரத்தம் பாய்வதால் காலின் தோல் கதகதப்பாகிறது. மூளையும் உடம்பு சூடாக இருப்பதாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. அதனால் உள்ளுடல் குளிர்ந்துகொண்டிருக்கும்போதே "எனக்குக் குளிரவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. குளிர்கிறதா என்று கேட்டு மட்டும் முடிவு செய்ய முடியாது, வெப்பநிலைமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூளை ஏமாறுவதால் நடுக்கம் தொடங்க வேண்டிய எல்லையும் அரை டிகிரி அளவுக்குக் கீழே நகர்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் நடுக்கம் வருகிறது. ஆனால் எங்கே வருகிறது? கால்களுக்குக் கட்டளை போகாது. கைகளும் தோளும் தாடையும் மட்டும் மொத்த வேலையையும் செய்யப் பார்க்கின்றன. "உடம்பு தூக்கிப் போட்டுச்சு, பல்லு கிட்டிக்கிச்சு, காலு மட்டும் கட்டை மாதிரி கிடந்துச்சு" என்று அந்த அம்மா சொன்னது அப்படியே பாடப்புத்தக விளக்கம்தான். முதுகு ஊசி போட்டவர்களில் பாதிப் பேர் வரை நடுக்கம் காண்கிறார்கள். அது ஜன்னி அல்ல, ஊசி ஒத்துக்கொள்ளாததும் அல்ல. தேவைப்பட்டால் டிராமடால் போன்ற மருந்தைச் சிறிய அளவில் கொடுத்து மருத்துவர்கள் அதை நிறுத்துவார்கள்.

முழு மயக்கத்தில் கடைசியில் கேட் மூடிக்கொள்ளும் என்றேன். முதுகு ஊசியில் மருந்தின் வேகம் தணியும்வரை கால்களின் கேட் மூடாது. அதனால் நீண்ட நேர அறுவையில், முழு மயக்கத்தையும் முதுகு வழி மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் உடம்பு அதிகம் குளிரும். ஒன்று மூளையின் எல்லையைத் தளர்த்துகிறது, இன்னொன்று கம்பியை அறுக்கிறது.

மூன்றாவது வகையும் நம் பகுதிக்கு நெருக்கமானது. திருவொற்றியூர், மணலி தொழிற்சாலைகளில் இயந்திரத்தில் கை மாட்டியவர்களை எங்கே கொண்டு போகிறோம்? ஸ்டான்லிக்கு. பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது அது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே உருவாக்கிய கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. கை அறுவைக்குக் கழுத்துப் பக்கத்திலோ அக்குளிலோ ஊசி போட்டு ஒரு கையை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியும். அப்போதும் அந்தக் கையின் ரத்தக் குழாய்கள் விரியும், உள்ளங்கை சூடாகும். ஊசி சரியான இடத்தில் வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சூடே ஓர் அடையாளம். ஆனால் திறந்தது ஒரு சின்ன கேட்தான், மற்ற மூன்று உறுப்புகளும் வழக்கம்போல் சுருங்கி ஈடுகட்டிவிடும். எத்தனை பகுதி மரத்துப்போகிறதோ அந்த அளவுக்குத்தான் வெப்பக் கட்டுப்பாடும் தளர்கிறது.

ஒன்றிரண்டு டிகிரிக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். 1996இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆண்ட்ரியா கூர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் ஆகியோர் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரி 34.7 டிகிரிக்கு இறங்கியவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண் சீழ்பிடித்தது. 36.6 டிகிரியில் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். தையல் பிரிப்பதும் வீட்டுக்குப் போவதும் குளிர்ந்தவர்களுக்குத் தள்ளிப்போனது. காரணம் எளிது. குழாய் சுருங்கிய திசுவுக்கு ஆக்சிஜன் குறைவு, ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளையணுவின் வேலை மந்தம். ரத்தம் உறைவதும் நொதிகளின் வேலைதானே, குளிர்ந்தால் அதுவும் சுணங்கும். ஒரு டிகிரிக்கும் குறைவான இறக்கத்திலேயே ரத்த இழப்பு சுமார் 16 சதவீதம் கூடுவதாக 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். தசையைத் தளர்த்தும் வெக்யூரோனியம் மருந்து 2 டிகிரி குறைந்த உடம்பில் இரு மடங்குக்கும் மேல் நேரம் நிற்கிறது. நொதியும் வெப்பநிலையும் என்று நாம் ஒரு வரியில் கடந்து போகும் பாடம் அது.

இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு அறிவியலைப் பாதிதான் சொன்னதாகும். சீன மருத்துவமனைகளிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் 5,056 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. 35.5 டிகிரியில் வைத்தவர்களுக்கும் 37 டிகிரியில் வைத்தவர்களுக்கும் இதயப் பாதிப்பிலோ புண் சீழ்பிடிப்பதிலோ வேறுபாடு தெரியவில்லை. அதை நடத்தியவர்களிலும் செஸ்லர் உண்டு! ஆக, 34.7 ஆபத்து என்ற பழைய முடிவு பொய்யாகவில்லை, 35.5க்கு மேல் ஒவ்வொரு அரை டிகிரிக்கும் பதறத் தேவையில்லை என்பது கூடுதலாகத் தெரிந்தது. தன் பெயரோடு ஒட்டிய முடிவையே மறுபடி சோதித்த அந்தச் செயலை நான் வகுப்பில் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

தடுக்க என்ன செய்வார்கள்? வெப்பம் உள்ளுக்குள்ளேயே இடம் மாறுவதால், அறுவை தொடங்கிய பின் போர்த்தும் போர்வை முதல் மணி நேரத்தில் பெரிதாக உதவாது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, 10 நிமிடம் முதல் அரை மணி நேரம், சூடான காற்று ஊதும் போர்வையால் கை கால்களைச் சூடாக்கிவிட்டால் டபரா ஏற்கெனவே சூடு, டம்ளர் இறங்க இடமில்லை. அறையின் வெப்பநிலை மட்டும் எப்போதும் ஒரு பேரம்தான். கவுனும் முகக்கவசமும் போட்டு விளக்கின் கீழ் நிற்பவருக்கு 20 டிகிரி இதம், ஈரத்தோடு பிறக்கும் குழந்தைக்குக் குறைந்தது 25 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைத் துடைத்து அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போடுவதும் வெப்பக் கடத்தல்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு செய்தியை நான் விடாமல் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். வார்டுக்கு வந்த பெண் நடுங்குகிறாளே என்று வெந்நீர்ப் பையையோ, சுடுநீர் பாட்டிலையோ காலடியில் வைக்கவே கூடாது. கால் இன்னும் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். கம்பளி போர்த்தலாம், நர்ஸிடம் சொல்லலாம். அதே போல, ஆபரேஷன் நேரத்து நடுக்கம் வேறு, அடுத்த நாளோ அதற்குப் பிறகோ காய்ச்சலோடு வரும் குளிர் வேறு. இரண்டாவது கிருமித் தொற்றாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

மயக்க மருந்தால் உடம்பு குளிர்வதற்கு நேர்மாறாக, அரிதாகக் கொதித்தும் போகும். மெல்போர்னில் கால் முறிந்த ஓர் இளைஞர் காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். அவர் உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். டென்பரோ, லவல் என்ற இரு மருத்துவர்கள் 1960இல் லான்செட் இதழில் அதை எழுதினார்கள். சில மயக்க வாயுக்கள் பட்டதும் தசை கட்டுக்கடங்காமல் வெப்பம் தயாரிக்கும் பரம்பரைக் குறைபாடு அது. ஓங்கு பண்பாகக் கடத்தப்படுவது, பத்தாம் வகுப்பு மரபியலுக்கு ஆகும். இன்று டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்து உண்டு. அறுவைக்கு முன் "உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா?" என்று மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரம் ஆகிவிட்டது, பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 60 கிலோ எடையுள்ள நோயாளி, உடலின் சராசரித் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 3.5 கிலோஜூல். 25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் உப்புநீரை நரம்பில் ஏற்றினால் அது 37 டிகிரிக்குச் சூடாக உடம்பிலிருந்து 4.2 பெருக்கல் 12, அதாவது 50.4 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். உடம்பு ஒரு டிகிரி இறங்க 210 கிலோஜூல் இழக்க வேண்டும். ஆக 0.24 டிகிரி இறங்கும். இதே போல் குளிர்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த 350 மில்லி ரத்தத்துக்குப் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள், ரத்தத்தை நீராகவே வைத்துக்கொள்ளலாம். 0.23 வரும். ஒரு லிட்டர் உப்புநீர் செய்ததை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேலான ரத்தம் ஏன் செய்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும், அப்போது 12ஐயும் 33ஐயும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.